குமரியில் அடுப்பெரியும் நேரங்கள்

வெள்ளி: ஆரல்வாய்மொழி, தோவாளை, வடசேரி

சிற்றூர்ச் சாலைகளில் நல்ல உணவுக் கடையைக் கண்டுபிடிக்க நான் நம்பும் வழி ஒன்றுதான். அந்த ஊரில் என்ன தொழில் நடக்கிறது, அத்தொழிலைச் செய்பவர்களுக்கு எந்த நேரத்தில் பசிக்கும் என்று முதலில் விசாரிக்க வேண்டும். அது தெரிந்துவிட்டால், அந்த நேரத்தில் அவர்கள் கூடும் கடை எது என்பதை எவரும் சொல்லிவிடுவார்கள். நாள்தோறும் அதே முகங்களுக்கு இலை போடும் கடைக்காரர் உப்பிலோ புளியிலோ கைதவற முடியாது. தவறினால் மறுநாளே அதைக் கேட்க ஆள் வந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் வயலும் மலையும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பதால், ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மூன்று வகைத் தொழிலையும் மூன்று வகைச் சமையலையும் காண முடிகிறது. அதனால்தான் இந்தப் பயணத்துக்கு இம்மாவட்டத்தைத் தேர்ந்தேன். வண்டி ஓட்ட அண்ணன் மகன் உடன் வந்திருக்கிறான்.

திருநெல்வேலியிலிருந்து நள்ளிரவு கடந்து புறப்பட்டு, முப்பந்தலின் காற்றாலைகளை இருட்டில் கடந்து, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாஞ்சில் நாட்டுக்குள் இறங்கினோம். விடியும் முன் வந்ததற்குக் காரணம் தோவாளைப் பூச்சந்தை. பிச்சியும் மல்லியும் அரளியும் சம்பங்கியும் வாடாமல்லியும் இங்கே பொழுது புலர்வதற்குள் விலைபேசி முடிந்துவிடுகின்றன. கேரளத்திலிருந்து வரும் வியாபாரிகள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பிவிட வேண்டும். தை மாதம் முகூர்த்த மாதம் என்பதால் கூட்டமும் விலையும் ஏறியிருந்தன. தோவாளை மாணிக்கமாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2025ஆம் ஆண்டில். அரளிப் பூக்களை மடித்து மடித்து, இரத்தினம் பதித்த பட்டையாகத் தோன்றும்படி கட்டும் அந்த மாலையை ஒருவர் தரையில் அமர்ந்து கட்டிக்கொண்டிருந்ததைச் சிறிது நேரம் நின்று பார்த்தேன்.

சந்தையின் ஓரத்தில் இருந்த தேநீர்க் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. இங்கே இரண்டு பந்தி நடக்கிறது. முதல் பந்தி, வண்டியேற்றும் முன் அவசரமாக உண்ணும் வெளியூர் வியாபாரிகளுக்கானது. இட்லி, சாம்பார், தேங்காய்ச் சம்மந்தி என்னும் துவையல். அடுத்த பந்தி, விற்று முடித்தபின் கணக்குப் பார்த்துக்கொண்டே உண்ணும் உள்ளூர் விவசாயிகளுக்கும் மாலை கட்டுபவர்களுக்கும் உரியது, அவர்களுக்கு ரசவடை. நாங்கள் போனபோது முதல் பந்தி கலைந்திருந்தது. “இட்லிப் பானையை எறக்கியாச்சு, வட இருக்கு” என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் பதிலுக்குக் காத்திராமல் கிண்ணத்தில் இரண்டு பருப்பு வடைகளை இட்டுக் கொதிக்கும் ரசத்தை ஊற்றிவிட்டார்.

ரசவடை என்னும் பெயர் கேட்க எளிதாக இருந்தாலும் செய்வது எளிதன்று. வடை மெல்லியதாக இருந்தால் ரசத்தில் கரைந்து கூழாகிவிடும். அழுத்தித் தட்டினால் உள்ளே ரசம் இறங்காது. பருப்பை ஒன்றும் பாதியுமாக அரைத்து, நடுவில் சற்றுத் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் தட்டியிருந்ததால், ஓரம் ஊறித் தளர்ந்தபோதும் நடுப்பகுதி பல்லுக்கு அகப்பட்டது. ரசத்தில் புளியைவிட நல்லமிளகின் காரம் தூக்கலாக இருந்தது. மிளகை இங்கே நல்லமிளகு என்றே சொல்கிறார்கள். கணவாய்க் காற்று வீசும் இடத்தில், இரவெல்லாம் கண்விழித்தவர்களுக்கு அந்தக் காரம் தேவைதான். பின்னர் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி குடித்துவிட்டு, வெளிச்சம் வந்தபிறகு பூதப்பாண்டி வரை சென்று வயல்களைப் பார்த்துத் திரும்பினோம். இங்கே கும்பப்பூ என்று சொல்லும் இரண்டாம் போக நெல் கதிர் முற்றி மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது.

நண்பகல் உணவு வடசேரியில். நாகர்கோவிலில் பெரிய உணவகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் நாஞ்சில் நாட்டுச் சைவச் சமையலை வீட்டு முறையில் உண்ண வேண்டும் என்று விசாரித்தபோது, துணிக்கடையிலும் நகைப்பட்டறையிலும் வேலைபார்ப்பவர்கள் ஒரே இடத்தைச் சொன்னார்கள். கோயில் நகை செய்யும் பட்டறைகளுக்கு வடசேரி பெயர்பெற்றது. கண்ணை ஒட்டிவைத்துக் கல் பதிக்கும் வேலை என்பதால் அவர்கள் உணவு இடைவேளையைச் சுருக்கமாக வைத்துக்கொள்கிறார்கள்; எனவே கடைக்காரரும் பன்னிரண்டரை மணிக்கு எல்லாக் கறிகளையும் ஒரே நேரத்தில் சூடாக இறக்கி வைத்துவிடுகிறார். பழைய வீடொன்றின் முன்கட்டில் நான்கு வரிசை மேசை. இலை போட்டதும் சம்பா அரிசிச் சோறு, பருப்பு, நெய், பப்படம். அடுத்தடுத்து அவியல், எரிசேரி, முட்டைக்கோசுத் துவரன், வெள்ளரிக்காய்ப் பச்சடி, இஞ்சிக்கறி.

அவியலைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் அவியல் என்று பரிமாறப்படும் மோர்க்குழம்புக் கலவையை மட்டுமே அறிந்தவர்கள் இங்கே வந்து இதை உண்ண வேண்டும் என்பது என் வேண்டுகோள். சேனை, ஏத்தங்காய் என்னும் நேந்திரங்காய், முருங்கை, வழுதலங்காய் என்னும் கத்தரிக்காய், சீனியவரை, புடலை எல்லாம் விரல் நீளத்துக்கு ஒரே அளவாக நறுக்கப்பட்டிருந்தன. எனினும் எல்லாவற்றையும் ஒன்றாக வேகவிடவில்லை. வேகத் தாமதமாகும் சேனையும் ஏத்தங்காயும் முதலில், புடலையும் வழுதலங்காயும் இறுதியில். தேங்காயும் பச்சைமிளகாயும் சீரகமும் தண்ணீர் அதிகம் விடாமல் கொரகொரப்பாகச் சதைத்துச் சேர்த்து, புளிப்புக்கு மாங்காயை இட்டு, இறக்கியபின் பச்சைத் தேங்காய் எண்ணெயையும் கறிவேப்பிலையையும் போட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். தாளிப்பு இல்லை. அந்த எண்ணெயின் மணம் முழுவதும் மூடிய சூட்டில்தான் எழுகிறது. எரிசேரியில் தேங்காயைச் சிவக்க வறுத்துப் போட்டிருந்தார்கள். ஒரே தேங்காய் இரண்டு பாத்திரத்தில் இரண்டு சுவையாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை என்பதால் பிரதமன் என்னும் பாயசம் உண்டு. இலையிலேயே ஊற்றிக்கொண்டு, மட்டி வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து, பப்படத்தை நொறுக்கிச் சேர்த்து உண்ண வேண்டும். அடுத்த இலையில் இருந்த நகைத் தொழிலாளி என் தயக்கத்தைக் கண்டு, “பப்படத்த நொறுக்கிப் போடுங்கக்கா, இல்லன்னா திகட்டும்” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கனத்த இனிப்பைப் பப்படத்தின் உப்பும் பழத்தின் மெல்லிய புளிப்பும் தாங்கிப் பிடித்துக்கொள்கின்றன. விரல் அளவே உள்ள இந்த மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு 2023இல் கிடைத்தது. மணம் மிகுந்த பழம். பழுத்தபின் அதிக நாள் தாங்காது என்பதால், இங்கே வந்து உண்பதே நல்லது.

மாலையில் ஏத்தங்காய் சிப்ஸ் பொரிக்கும் கடை ஒன்றின் முன் நின்றோம். தோல் சீவிய காயை, கொதிக்கும் தேங்காய் எண்ணெய்ச் சட்டியின் நேர்மேலே பிடித்து நேரடியாகவே எண்ணெயில் சீவுகிறார்கள். உப்பு நீரையும் மஞ்சளையும் எண்ணெயிலேயே தெளிக்கிறார்கள். ஓசை அடங்குவதைக் கேட்டுத்தான் எடுக்கிறார்கள். நாளை மலைப்பக்கம்.

சனி: குலசேகரம், பேச்சிப்பாறைச் சாலை

ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குள் சென்றுவிடுகிறார்கள். குளிர்ந்த வேளையில் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஓடும்; வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்து வெட்டு உறைந்துவிடும். நூற்றுக்கணக்கான மரங்களை நெற்றி விளக்கின் ஒளியில் வெட்டி முடித்து, பால் சிரட்டையில் சொட்டித் தீரும்வரை காத்திருந்து, மறுபடி ஒவ்வொரு மரமாகச் சென்று பாலை எடுத்து, ஆசிட் கலந்து தட்டுகளில் உறை ஊற்றி, பிறகே கையைக் கழுவ முடியும். அந்நேரம் பத்து பத்தரை ஆகிவிடும். காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் நடுவிலான இந்த வேளையில்தான் குலசேகரத்தைச் சுற்றிய சாலையோரக் கடைகளில் மிகச் சிறந்த சாப்பாடு கிடைக்கிறது. சுற்றுலா வண்டிகள் திற்பரப்பு அருவியை நோக்கி எட்டு மணிக்கும், உணவு தேடி ஒரு மணிக்கும் இந்தச் சாலையில் போகின்றன. இரண்டுமே இக்கடைகளின் நேரம் அன்று.

நாங்கள் ஒன்பதரைக்கே ஒரு கடையில் போய் அமர்ந்துவிட்டோம். தகரக் கூரை, ரப்பர் விறகு எரியும் அடுப்பு, அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா தனியாக நடத்துகிறார். “இருங்க மக்களே, பால் எடுக்கப் போனவிய வந்த பெறவுதான் எல போடுவேன்” என்றார். அதைக் கேட்டதும் சரியான கடைக்கு வந்திருக்கிறோம் என்று எனக்கு நிச்சயமாயிற்று. காத்திருந்த நேரத்தில் அவர் வேலை செய்வதைப் பார்க்க முடிந்தது.

மரச்சீனி என்று இங்கே சொல்லும் மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரை முழுவதும் வடித்துக் கொட்டினார். கிழங்கில் இயல்பாகவே உள்ள நச்சுப்பொருள் வேகும் நீரோடு வெளியேறிவிடுவதால் எவரும் அந்நீரைப் பயன்படுத்துவதில்லை. பிறகு தேங்காய், மஞ்சள், சீரகம், பூண்டு, பச்சைமிளகாய் ஆகியவற்றை அம்மியில் சதைத்துக் கிழங்கோடு சேர்த்து, அகப்பைக் காம்பால் மசித்தார். முழுவதும் கூழாகவிடாமல் ஆங்காங்கே துண்டுகள் நிற்கும்படி விட்டார். மண்சட்டியில் நேற்று மாலை வைத்த சாளை மீன் கறி. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கரையேறும் மீன், பெட்டி கட்டிய வண்டிகளில் ஹாரன் ஒலித்துக்கொண்டே மலையோர ஊர்களுக்கு வந்துசேரப் பதினொரு மணி ஆகிவிடும். ஆகவே பத்தரை மணிப் பந்திக்குப் புது மீன் கிடைக்காது. முந்தைய நாள் வாங்கிக் குழம்பு வைத்து, இரவு முழுவதும் மண்சட்டியில் ஊறவிட்ட மீன்தான் இங்கே கிழங்கோடு சேர்கிறது. புளியும் தேங்காய் அரைப்பும் முள்வரை இறங்கி, சாளையின் நெய் குழம்பின் மேல் செம்படலமாக நின்றது. வசதிக்குறைவால் ஏற்பட்ட பழக்கம், சுவையின் காரணமாகவே நிலைத்துவிட்டது என்று தோன்றுகிறது.

பத்தேகாலுக்கு முதல் ஆள் வந்தார். பத்தரைக்குள் பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. அவர்களோடு எங்களுக்கும் இலை விழுந்தது. காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் உப்பும் சேர்த்து நசுக்கித் தேங்காய் எண்ணெய் விட்ட சம்மந்தி, இலையின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவு. அவ்வளவு போதும், அதற்கு மேல் தாங்காது. இடிச்சக்கைக் காலம் தொடங்கிவிட்டதால் பிஞ்சுப் பலாவை இடித்துச் செய்த துவரனும் இருந்தது. கிழங்கு வேண்டாதவர்களுக்குக் கஞ்சியும் பயறும் சுட்ட பப்படமும். கட்டன் சாயாவோடு எல்லோரும் எழுந்து போக, பதினொன்றரைக்குச் சட்டிகள் கழுவப்பட்டுவிட்டன.

ஏழைகளின் உணவு என்று மரச்சீனியை ஒதுக்குபவர்கள் அதன் வரலாற்றையும் சேர்த்து அறிய வேண்டும். இப்பகுதி திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தபோது, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இக்கிழங்குப் பயிரை முனைந்து பரப்பினார். இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து அரிசி வருவது நின்றபின், திருவிதாங்கூரின் வீடுகள் பலவற்றில் அடுப்பில் ஏறியது இந்தக் கிழங்குதான். வயல் குறைந்த கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் அது இன்றும் அன்றாட உணவாக நிற்பதில் வியப்பில்லை.

பிற்பகலில் பேச்சிப்பாறை அணையைப் பார்த்தோம். 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. நேற்று பூதப்பாண்டியில் பார்த்த கதிர்களுக்கும் வடசேரி இலையில் விழுந்த சோற்றுக்கும் வேண்டிய நீரை, கோதையாறு பாசனக் கால்வாய்கள் இங்கிருந்துதான் கொண்டுபோகின்றன. திற்பரப்பில் கூட்டம் மிகுதி, இறங்கவில்லை.

ஞாயிறு: தக்கலை, பத்மநாபபுரம், மார்த்தாண்டம்

காலையில் தக்கலையில் புட்டும் பயறும் பப்படமும். குழாயிலிருந்து தள்ளிய புட்டின் மேல் வேகவைத்த சிறுபயறைப் போட்டு, பப்படத்தை நொறுக்கி, பாளையங்கோட்டன் வாழைப்பழத்தைப் பிசைந்து உண்டோம். மாவு சற்று வறண்டிருந்தது. பழம் அதைச் சரிசெய்தது. அதைப்பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அருகில் ஒரு முஸ்லிம் அம்மா வீட்டுவாசலில் விற்ற கிண்ணத்தப்பம் அதைவிட நினைவில் நிற்கும். அரிசியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்ணத்தில் அவித்து, ஏலக்காய் மணக்க, கத்தி வைத்தால் ஒட்டாமல் வெட்டுப்பட்டது. பீர்முகமது அப்பா தர்காவுக்கு வருபவர்கள் வாங்கிச் செல்வதற்காக அவர் செய்கிறார். பத்து மணிக்குள் தீர்ந்துவிடுமாம்.

பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும் என்பதால் இன்றே பார்த்தோம். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ள அரண்மனை இது. உணவைத் தேடி வந்த எனக்கு, மந்திரசாலையின் தரையைவிட ஊட்டுப்புரைதான் முக்கியமாகப் பட்டது. ஏறத்தாழ ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அமர்ந்து உண்ணக்கூடிய நீண்ட கூடம். ஊறுகாய் போட்டுவைத்த பெரிய சீனச் சாடிகள் இன்றும் இருக்கின்றன. இவ்வளவு பேருக்கு நாள்தோறும் இலை போட்ட ஓரிடத்தில் கறிகளின் வரிசையும் இலையில் அவற்றுக்குரிய இடமும் வழக்கமாகி உறுதிப்பட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். வடசேரிக் கடையில் பரிமாறியவர் எதையும் யோசிக்காமல் இலையின் அதே மூலையில் அதே கறியை வைத்துக்கொண்டு போனது, அந்தக் கூடத்தில் நின்றபோது நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தின் உணவு நேரத்தைத் தீர்மானிப்பவை தேவாலயங்கள். காலை ஆராதனை முடிந்து மக்கள் வெளியே வரும் வேளையில் இறைச்சிக் கடைகளில் கூட்டம் நிறையும். வீட்டில் சமைக்காதவர்களுக்காகப் பொரோட்டாக் கடைகளில் மாட்டிறைச்சி வறுவல் அதற்குள் தயாராக இருக்கும். நாங்கள் சென்ற கடை களியக்காவிளை செல்லும் சாலையிலிருந்து ஒரு கிளைப் பாதையில் இருந்தது. கேரள எல்லைக்கு நெருங்கிவிட்டதால் பரிமாறிய இளைஞர் என்னைச் “சேச்சி” என்று அழைத்தார். அண்ணன் மகனை “மக்கா” என்றார். கறியைப் பெரிய உருளியில் காலையிலிருந்தே மெல்லிய தீயில் வைத்திருக்கிறார்கள். முதலில் தன் நீரிலேயே வேகவைத்து, பிறகு மல்லி, நல்லமிளகு, பெருஞ்சீரகம் அரைத்துச் சேர்த்து, தேங்காய்க் கொத்தும் கறிவேப்பிலையும் போட்டுத் தேங்காய் எண்ணெயில் கருமை ஏறும்வரை புரட்டுகிறார்கள். தேங்காய்க் கொத்து கறியின் காரத்தை உறிஞ்சிக்கொண்டு, இறைச்சியைவிட முன்னதாகத் தீர்ந்துபோகும் பண்டமாகிவிடுகிறது. “அத்தை, இன்னும் ஒரு தட்டு சொல்லட்டுமா?” என்று அவன் கேட்டபோது நான் ஏற்கெனவே கையை உயர்த்திவிட்டிருந்தேன்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆட்சி எல்லை அன்று வகுக்கப்பட்டது; அடுப்புக்கு அந்த எல்லை பொருந்தவில்லை. குழித்துறையிலும் களியக்காவிளையிலும் உண்பவற்றை எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலையிலும் உண்கிறார்கள். அதை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

திரும்பும் வழியில் தேன் வாங்கினோம். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஊரகச் சீரமைப்புப் பணியைத் தொடங்கி நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் காலத்திலேயே பெட்டித் தேனீ வளர்ப்பு இங்கே வேரூன்றிவிட்டது. இங்குள்ள தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, இளம் இலைக்காம்பின் முனையில் உள்ள சுரப்பிகளில் ஊறும் இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் எடுக்கின்றன. அந்தப் பருவம் இன்னும் சில வாரங்களில் தொடங்கும். அப்போது பால் வெட்டு குறைந்து, நேற்றைய அம்மாவின் பத்தரை மணிப் பந்தியும் சுருங்கிவிடும்.

திங்கள்: முட்டம், குளச்சல், மண்டைக்காடு

கடற்கரை ஊர்களைத் திங்கட்கிழமைக்கு ஒதுக்கியது திட்டமிட்டே. கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிறு தொழிலுக்கு ஓய்வு என்பதால் அன்று புது மீன் அரிது. திங்கள் அதிகாலை வள்ளங்கள் போய்த் திரும்பும்போது ஊரே கரையில் நிற்கும். முட்டத்தில் எட்டரை மணிக்கு முதல் வள்ளங்கள் கரையை நெருங்கின. ஏலக் குரல், கூறு வைத்து விற்கும் பெண்கள், பெட்டி வண்டிக்காரர்கள் என்று ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. குலசேகரத்துக்கு ஹாரன் அடித்துக்கொண்டு போகும் வண்டிகள் இங்கிருந்தும்தான் புறப்படுகின்றன.

நாங்கள் உண்டது குளச்சலுக்கு அருகே, கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளியுள்ள ஒரு வீட்டுக்கடையில். கடை முன்பு அலைக்கு அருகிலேயே இருந்ததாம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு இங்கே மாறியிருக்கிறார்கள். விலைப்பட்டியல் கிடையாது. என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, “கடல் என்ன தருதோ அதுதான் இன்னைக்குக் கறி” என்று நடத்துபவர் சொன்னார். மீன் வந்தபிறகே அம்மியில் தேங்காய் ஏறுகிறது. ஆகவே பன்னிரண்டு மணிக்கு முன் எதுவும் கிடைக்காது, இரண்டு மணிக்குப் பின் எதுவும் மிஞ்சாது.

இன்று கடல் தந்தது நெத்தோலியும் அயிலையும் ஒரு பெரிய பாறை மீனும். நெத்தோலியை அவியலாக வைத்தார்கள். மீன் அவியலிலும் வெள்ளியன்று கண்ட காய்கறி அவியலின் இலக்கணம் அப்படியே இருக்கிறது. கொரகொரப்பான தேங்காய், பச்சைமிளகாய், மாங்காய், நீர் குறைவு, இறுதியில் பச்சைத் தேங்காய் எண்ணெய். நாஞ்சில் நாட்டுச் சைவ இலையும் கரையூரின் மீன்சட்டியும் ஒரே அம்மியிலிருந்து வந்தவை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. அயிலையைப் புளிமுளமாக்கியிருந்தார்கள், தேங்காய் சேராமல், மிளகாய் வத்தலும் மல்லியும் புளியும் மட்டும் கொதித்துச் சுண்டிய செங்குழம்பு. பாறைத் துண்டுகளுக்குத் தேங்காயை வெண்ணெய்போல் அரைத்து விட்டு, முருங்கைக்காய் சேர்த்த குழம்பு. ஒரே மதியத்தில் தேங்காயைக் கொரகொரப்பாகவும் மைய அரைத்தும் முற்றிலும் விலக்கியும் மூன்று கறி. அந்தச் சமையலறையில் இருந்தது ஒரே பெண். உதவிக்கு அவருடைய நாத்தனார்.

மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இம்மாவட்டத்துக்குக் கடல் இருபுறமும் உள்ளதால் தடையும் இரண்டு. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகளுக்கே தடை என்பதால் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்கள் கொண்டுவருவது கிடைக்கும் என்றும், எனினும் ஆடிக் காற்றில் அதுவும் குறையும்போது கருவாடும் முட்டையும்தான் என்றும் சொன்னார். எனவே சித்திரையிலிருந்து ஆடிவரை இக்கரைக்கு மீன் உணவு தேடி வருபவர்கள் காலையிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

மண்டைக்காட்டில் பகவதி அம்மனுக்குப் படைக்கும் மண்டையப்பத்தை வாங்கினோம். அரிசிமாவும் சிறுபயறும் வெல்லமும் சேர்ந்த உருண்டை. தலைநோய் தீர நேர்ந்துகொள்பவர்கள் படைப்பது. மாசிக்கொடை விழாவின்போது இங்கே வந்தால் கோயிலைச் சுற்றிப் பெண்கள் பொங்கலிடுவதைக் காணலாம்.

செவ்வாய்: கன்னியாகுமரி, தேரூர்

கன்னியாகுமரி நகரில் உதயம் பார்த்துவிட்டு, கடற்கரைக்கு அருகே பெரிய உணவகம் ஒன்றில் காலையுணவு உண்டோம். இட்லி ஆறியிருந்தது, சாம்பாரில் சர்க்கரை. வட இந்தியா முதல் இலங்கை வரை எல்லோருக்கும் ஏற்றவாறு செய்ய முயன்றதால் எவருக்கும் உரியதாக இல்லாத உணவு அது. அந்தச் சமையல்காரர்களைக் குறை சொல்ல மனமில்லை. இன்று உண்பவர் நாளை வரப்போவதில்லை என்னும் இடத்தில், சமைப்பவருக்குத் தம் தவற்றைச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விடுகிறது.

அங்கிருந்து சுசீந்திரத்தில் தாணுமாலயனை வணங்கிவிட்டு, கவிமணி பிறந்த தேரூர் வழியாக வயல்களுக்குள் புகுந்தோம். கும்பப்பூ அறுவடை ஓரிரு இடங்களில் தொடங்கிவிட்டது. குளக்கரையை ஒட்டிய ஓலைக்கூரைக் கடை ஒன்றில் பத்தரை மணிக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சம்பா அரிசிக் கஞ்சி, காணத் துவையல், சுட்ட கருவாடு, மாங்காய் ஊறுகாய். கொள்ளை இங்கே காணம் என்பார்கள். அதை வறுத்துத் தேங்காயும் வத்தலும் பூண்டும் சேர்த்து அம்மியில் அரைத்த துவையல், கஞ்சியின் மென்மைக்கு எதிரே உறுதியாக நின்றது. இந்தப் பயணத்தில் உண்டவற்றுள் இதுவே மிக எளிய உணவு. என் மனத்தில் அவியலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

கடையில் எங்களையும் சேர்த்து ஆறேழு பேர். அவர்களில் அறுப்பு ஆட்கள் இருவர் மட்டுமே. மற்றவர்கள் அறுவடை இயந்திரத்தை ஓட்ட வந்தவர்களும் நெல் ஏற்றும் வண்டிக்காரர்களும். முன்பெல்லாம் கதிர் அறுக்கவும் கட்டுச் சுமக்கவும் சூடடிக்கவும் இருந்த ஆட்களுக்காக, வயலுக்கே பானையைத் தலையில் சுமந்து போனதாகக் கடையை நடத்தும் பெரியவர் சொன்னார். இயந்திரம் ஒரு முற்பகலில் முடித்துவிடும் வயலுக்கு அத்தனை கஞ்சி தேவையில்லை. அதனால் ஆண்டின் பெரும்பகுதியில் ஏழு மணிக்கு இட்லியும் ஆப்பமும் விற்றுவிட்டு, பள்ளி வண்டி ஓட்டுநர்கள் போனதும் கடையை அடைத்துவிடுகிறாராம். கஞ்சி அடுப்பை மட்டும் இரண்டு பூவின் அறுப்புக் காலத்திலும் விடாமல் மூட்டுகிறார்.

“அறுப்பு முடியது வரைக்கும் கஞ்சி உண்டும்மா. பெறவு காலைப் பலாரம் மட்டுந்தான். அடுத்த கன்னிப்பூ அறுப்புக்கு வாங்க, அப்ப மாங்கா இருக்காது, நார்த்தங்காதான்” என்றார். முதல் போகமான கன்னிப்பூவின் அறுவடை ஆவணி, புரட்டாசியில் வரும். அந்தப் பருவத்துக்கு இப்பக்கம் வர எண்ணுபவர்கள், சுசீந்திரத்திலிருந்து தேரூர் குளக்கரைச் சாலையில் பத்தரைக்கு முன் வந்துசேரும்படி புறப்பட வேண்டும்; பதினொன்றே காலுக்கு அவர் பானையைக் கழுவத் தொடங்கிவிடுகிறார்.